வலை நனைந்த வீட்டுக்குத்தான் பேச்சு

1

நேற்று எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நவம்பரில் மீனவர் தினம் வரும். அது வந்தால் கேக்கும் வரும். இந்த முறை நீல கிரீம் தடவி அதன்மேல் ஒரு மீனை வரைந்திருந்தார்கள். மீன் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் தலைவி மார்த்தா கத்தியை என்னிடம் நீட்டி, இங்கே மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள் நீ ஒருத்திதான், நீயே வெட்டு என்றாள். பழக்கதோஷம், செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்து ஒரே இழுப்பு இழுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் இருப்பது ரோம் நகரத்தில். சிறு மீனவர்களின் உரிமைக்காக நாடு நாடாகப் போய்ப் பேசும் ஒரு சின்ன அமைப்பில் மொழிபெயர்ப்பு வேலை. கட்டுமரம், தோணி, கைவலை என்று பிழைக்கிறவர்களைப் பெரிய கப்பல்காரர்களும் துறைமுகம் கட்டுகிறவர்களும் விரட்டாமல் இருக்க வேண்டும் என்று பெரிய கட்டடங்களில் பெரிய மனிதர்கள் முன்னால் பேசுவோம். தமிழ் பேசும் மீனவர்கள் வந்தால் அவர்களுக்கு நான்தான் வாய். ராமேஸ்வரத்துக்காரருக்கு வாயாக இருந்திருக்கிறேன், மன்னார்க்காரருக்கும் இருந்திருக்கிறேன். என் ஊருக்கு வாயாக இருக்கும் நேரம் போன வருஷம் வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஊரில் என்னைப் பற்றி இரண்டு பேச்சு ஓடுவதாகக் கேள்வி. வெளிநாட்டு மேடையில் ஏறி ஊர் மானத்தை வாங்கிவிட்டேன் என்பது ஒன்று. கம்பெனிக்காரனிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன் என்பது இன்னொன்று. சில பேர் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்களாம். நரம்பில்லாத நாக்கு, எப்படி வேண்டுமானாலும் புரளும். நடந்ததை ஒரு தரம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெயர்கள் உண்மைப் பெயர்கள் அல்ல. என் தங்கையைத் தனம் என்கிறேன், அவள் கணவனை ஏழுமலை என்கிறேன். ஏன் மாற்றினேன் என்பது போகப்போகத் தெரியும்.

2

வேலூரில் ஏது மீனவர் என்று கேட்பவர்கள் இங்கே மட்டுமல்ல, வேலூரிலேயே இருக்கிறார்கள். வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு மூக்கில் தோல் நாற்றம் ஏறும், கண்ணில் ஏரி படாது. சாலையை விட்டு உள்ளே போனால் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் தெரு. ஆண்கள் ஏரியில் வலை போடுவார்கள். படகு கிடையாது. லாரி டியூபில் காற்றடித்து, மேலே ஒரு பலகையைக் கட்டி, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு கையாலேயே துழாவிப் போவார்கள். கெண்டை, விரால், ஜிலேபி கிடைக்கும். பெண்கள் முன்பெல்லாம் கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக மீன் விற்றார்கள். இப்போது விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் கரைக்கே வந்து திரும்பும். அதில் ஏறிப் போகிறார்கள். வீட்டுக்கு வீடு ஒரு கால் ஏரியில், ஒரு கால் கம்பெனியில்.

எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. மழைக்கு ஏரி நிரம்பினால் அடுத்த மழைக்கு நிரம்பும்வரை அதற்கு ‘இந்தத் தண்ணி’ என்று பேர். இந்தத் தண்ணியில் எந்த வீட்டு வலை நனைந்ததோ அந்த வீட்டுக்குத்தான் ஏரி விஷயத்தில் பேச்சு. மற்ற வீட்டுக்காரர்கள் கூட்டத்துக்கு வரலாம், உட்காரலாம், வெற்றிலை போடலாம். வாய் திறக்கக் கூடாது. வலை யாருடையது என்றுதான் பார்ப்பார்கள், போட்ட கை யாருடையது என்று பார்க்க மாட்டார்கள்.

என் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. அவர் போனபிறகு மூத்தவள் என்று அவர் வலை எனக்கு வந்தது. ஏழுமலை ஒவ்வொரு தண்ணிக்கும் தன் வலையோடு என் வலையையும் ஒரு தரமாவது நனைத்துவிடுவான். அதனால் கடல் தாண்டி இருந்தும் ஏரியில் எனக்குப் பேச்சு இருந்தது, மீனில் பங்கும் இருந்தது. என் பங்கைத் தனம் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு, “உன் பங்கு ருசியா இருந்துச்சுக்கா” என்று போனில் சொல்வாள். இங்கே குடியுரிமைக்கு நான் எத்தனை வருஷம், எத்தனை ஜன்னல் முன்னால் நின்றேன் என்பதை நினைத்தால் ஊர்ச்சட்டத்தின் சுலபம் புரியும். வலையை நனை, நீ எங்கள் ஆள். அவ்வளவுதான்.

தோலை நான் சபிக்கவும் முடியாது. என் கணவர் ஆற்காட்டுக்காரர், ஷூ கம்பெனியில் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். இத்தாலிக்காரன் மெஷினைப் பழுது பார்க்கத் தெரிந்த கையென்று அவரை இங்கே கூப்பிட்டார்கள், பின்னாலேயே நான் வந்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்களுக்கு உப்பிட்டது ஏரியா, தோலா என்று கேட்டால் இரண்டும்தான்.

3

போன வருஷம் கேக் வெட்டிய அன்றுதான் அந்த வீடியோ வந்தது. ஊரில் நல்ல மழை. மழை பிடித்தால் இரண்டு கூட்டத்துக்குச் சந்தோஷம். ஒன்று நாங்கள். இன்னொன்று, தொட்டியில் தேக்கிவைத்த கழிவை வெள்ளத்தோடு வெள்ளமாகத் திறந்துவிடக் காத்திருக்கும் தோல் பதனிடும் சில ஷெட்காரர்கள். ஒழுங்காகச் சுத்தம் செய்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஏரி சாக ஒருத்தர் போதும்.

கையில் கேக் தட்டோடு வீடியோவைத் திறந்தேன். கரை ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக என்னவோ கிடந்தது. யாரோ துணி அலசிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் அது மீன்களின் வயிறு என்று தெரிந்தது. படம் எடுக்கிற ஏழுமலையின் மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில், “பாத்துக்குங்கக்கா” என்றான். பக்கத்திலிருந்து தனத்தின் குரல்: “கொக்கு கூட எறங்கலக்கா. அதுக்குத் தெரியுது பாரேன்.”

நான் அலுவலகத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மார்த்தா வீடியோவை வாங்கிப் பார்த்தாள். போர்ச்சுகலில் அவளுடைய தாத்தாவும் மீன்பிடித்தவர்தான், ஆனால் அவள் பிறப்பதற்கு முன்பே அவரோடு படகும் போய்விட்டது. வசந்தத்தில் பெரிய கட்டடத்தில் நடக்கும் கூட்டத்தில் இதுவரை கடல்காரர்களுக்குத்தான் நாற்காலி, இந்த முறை ஏரி, ஆற்று மீனவர் ஒருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், அதில் உன் ஊர்க்காரர் பேசட்டும் என்றாள். ஐரோப்பாவில் ஷூ வாங்கி விற்கும் கம்பெனிகளின் ஆட்களும் அன்று கேட்க வருவார்கள் என்றாள்.

இதன் அர்த்தம் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கலெக்டருக்கு மனு போட்டால் ஒரு ஆள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். அந்தப் பாட்டிலை அப்புறம் யாரும் பார்த்ததில்லை. ஆனால் சரக்கு வாங்குகிறவன் இங்கிருந்து ஒரு கேள்வி கேட்டால் போதும், ஆம்பூரில் பத்து பேர் எழுந்து நிற்பார்கள். ஏரி பிழைக்க அதுதான் வழி என்று நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

4

ஏழுமலை பேச வருவது என்று முடிவாயிற்று. கூட்டத்துக்கும் விசாவுக்குமான கேள்விகளை நான் போனில் கேட்டு எழுதினேன். மீனவர் என்றால் படகின் நீளம் என்ன என்றிருந்தது.

“டியூப்புன்னு எழுதுங்கக்கா,” என்றான்.

“டியூப்புக்கு நீளம் ஏதுப்பா?”

“அப்போ பஞ்சர் ஆவாத டியூப்புன்னு எழுதுங்க.”

என் மகள் இனியா அப்போது உள்ளே வந்து போனைப் பிடுங்கினாள். “சித்தப்பா, நீ எப்ப வர்ற?” என்றாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மரியாதை என்பது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். ஏழுமலைக்கு அதில் ஒரே சிரிப்பு. போன தண்ணியில் போட்ட கருவாடு எடுத்து வருகிறேன் என்றான். நான் மீன் சாப்பிடமாட்டேன், மீனுக்கு வலிக்கும் என்றாள் இவள். தோல் செருப்பும் போடமாட்டாள். மீன்பிடிக்கிறவர்களுக்காக ஆத்தாள் ஊர் ஊராகப் பேசுகிறாள், மகள் மீனுக்காகப் பேசுகிறாள்.

“மக்கன் பேடா சாப்புடுவியா? அதுல எதுவும் உசுரோட இல்ல,” என்றான் அவன். ஆற்காட்டிலிருந்து அந்த இனிப்பில் ஒரு பெட்டி வாங்கி வருவதாக ஒப்பந்தம் ஆனது.

பேச வேண்டியதைப் போனில் எனக்குச் சொல்லிப் பார்ப்பான். நான் எழுதிக் கொடுத்ததை முதல் நாளே தூக்கிப் போட்டுவிட்டான். “இந்த ஏரிய எங்களுக்கு யாரும் எழுதிக் குடுக்கல. எங்க தாத்தன் வலை இதுல நனைஞ்சுது, எங்கப்பன் வலை நனைஞ்சுது. இப்போ வலை ஆணியில தொங்குது. மீனு செத்தா மறுபடி குஞ்சு வாங்கி வுடலாம். தண்ணி செத்தா எங்க போயி வாங்கறது?” இதற்கு மேல் நான் என்ன எழுதிவிட முடியும்? அப்படியே இருக்கட்டும் என்றேன்.

தை பிறந்து கொஞ்ச நாளில், தனம் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் அவள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாராம். “வீட்டுக்காரரு ஃபாரின் போறாராமே, நல்லா சுத்திப் பாத்துட்டு வரச் சொல்லும்மா,” என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. அந்தக் கம்பெனிக்காரரும், ஏரிக்கு மேற்கே தோல் ஷெட் வைத்திருப்பவரும் சம்பந்திகள்.

அந்த வாரமே பஸ் கரைக்கு வருவது நின்றது. டீசல் ஜாஸ்தி ஆகிறது, ரூட்டைச் சுருக்கிவிட்டோம் என்றார்கள். எங்கள் தெருப் பெண்கள் மட்டும் மெயின் ரோடு வரை நடந்து போய் நிற்க வேண்டும். மற்ற தெருக்களுக்கு டீசல் ஜாஸ்தி ஆகவில்லை. பிறகு அவர்களைத் தையல் லைனிலிருந்து பேஸ்டிங்குக்கு, கோந்து தடவி ஒட்டும் இடத்துக்கு, மாற்றினார்கள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. திட்டக்கூட இல்லை.

“இருட்டுல நடக்கறோம்க்கா,” என்றாள் தனம். “பின்னாடி ஒரு பைக் சத்தம் கேட்டா எல்லாரும் கையப் புடிச்சிக்கறோம். உள்ள போனா கோந்து வாசனை, தலை சுத்துது. ஒரே பேஜாரு. நீ இன்னா, மேடையில பேச வெச்சிட்டுப் போய்டுவ.”

நான் உரிமை, சட்டம் என்று ஆரம்பித்தேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் கூட்டம் போட்டார்கள். ஏழுமலை போகலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. தனம் போனைத் திறந்து வைத்திருந்ததால் நான் என் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன். பெண்கள் வேண்டாம் என்றார்கள், ஆண்களில் பாதிப் பேர் போகட்டும் என்றார்கள். சத்தம் ஏறியபோது நாட்டாமை தொண்டையைக் கனைத்தார்.

“இந்தத் தண்ணியில எந்த வலையாவது நனைஞ்சுதா?”

ஏரி நிரம்பிய வாரமே மீன் செத்தது. அதற்கப்புறம் யார் வலை போடுவார்?

“நனையல இல்ல? அப்போ இந்தத் தண்ணிக்கு ஏரியப் பத்திப் பேச இங்க எவனுக்கும் பேச்சு கிடையாது. இங்கயும் இல்ல, வெளிநாட்டுலயும் இல்ல. எழுந்திருங்க.”

சட்டப்படி அவர் சொன்னது சரி. அவர் மகன்தான் கம்பெனி பஸ் டிரைவர் என்பதும் சரி. நான் போனிலேயே கத்தினேன், விஷம் ஊற்றியவன் வலையையும் காயவைத்து வாயையும் காயவைத்துவிட்டான், இதற்குப் பேர் சட்டமா என்று. தனம் போனை நாட்டாமை பக்கம் நீட்டியிருக்க வேண்டும். அவர் நிதானமாகச் சொன்னார்: “உனக்கும் பேச்சு இல்லம்மா. உங்கப்பா வலையும் காய்ஞ்சுதான் கெடக்குது.”

மறுநாள் காலை தனத்தின் போன். “அக்கா, இந்த ஆளு கிறுக்குப் புடிச்சி ஏரியில எறங்கிட்டாரு. ரெண்டு வலையும் எடுத்துட்டுப் போயிட்டாரு. உன்னுதும்.”

எந்த ஊர் மனிதனாக இருந்தாலும் கூட்டத்தில் சண்டை போட்டிருப்பான், போலீசுக்குப் போயிருப்பான், இல்லையென்றால் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று விமானம் ஏறியிருப்பான். எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் அது தோன்றாது. பேச்சு வேண்டுமென்றால் வலை நனைய வேண்டும். போய் நனைத்தான். மீன் சாகிற தண்ணீரில் டியூபில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு, கையால் துழாவிக்கொண்டே நடு ஏரி வரை போய் இரண்டு வலையையும் விரித்தான். காலையில் போய் எடுத்தான். அவசரத்தில் ஒரு தரம் நனைத்தால் யாராவது நொட்டை சொல்வார்கள் என்று மறுநாளும் போட்டான், அதற்கு அடுத்த நாளும் போட்டான்.

எதற்கும் சாகாத ஜிலேபி கொஞ்சம் கிடைத்ததாம். வழக்கப்படி கரையில் கொண்டுவந்து பங்கு பிரித்து வைத்தான். அவன் வலைக்கு ஒன்று, என் வலைக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. யாரும் பங்கைத் தொடவில்லை. தனம் என் பங்கை எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்தாள். அந்தத் தடவை ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நாட்டாமை மறுபடி கூட்டம் போடவேண்டி வந்தது. இரண்டு வீட்டுக்குத்தான் பேச்சு இருந்தது. ஒன்று ஏழுமலை வீடு, இன்னொன்று நான். அவன் போகட்டும் என்று இருவரும் சொன்னோம். சட்டத்தைப் பேசியவரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அலுவலகத்தில் எல்லோரையும் பிடித்து இந்தக் கதையைச் சொன்னேன். மார்த்தா கண் கலங்கினாள். கூட்டத்தில் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றாள். அவன் கை எப்படி இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

6

விசாவுக்குக் கைரேகை வைக்க ஏழுமலை சென்னைக்குப் போனான். போகும் வழியில் ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கிக்கொண்டானாம், அப்படியே விசா கையில் வந்துவிடும் என்ற நினைப்பு.

சென்னையில் கண்ணாடி மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தான். மெஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். ஈரத்துணியில் துடைத்து வைத்தான், எடுக்கவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் அவன் கையைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பத்து விரலிலும் நுனித்தோல் உரிந்து, உள்ளே சிவப்பாக வழவழவென்று இருந்தது. ரேகை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

“தோல் வளர்ந்ததும் வாங்க சார்,” என்றாளாம். மரியாதையாகத்தான் சொன்னாளாம். அடுத்து வரச் சொன்ன நாள் ரோம் கூட்டம் முடிந்த பிறகு வந்தது. நான் இங்கிருந்து எத்தனையோ கதவைத் தட்டினேன். மார்த்தா கடிதம் எழுதினாள். விதி என்றார்கள், வருந்துகிறோம் என்றார்கள். அடுத்த வருடமும் கூட்டம் உண்டு என்றார்கள்.

அன்றைக்குப் பஸ் நிலையத்திலிருந்து ஏழுமலை எனக்குப் போன் செய்தான். பின்னால் ஹார்ன் சத்தம்.

“கை எடுக்கலக்கா.”

“வலிக்குதாப்பா?”

“வலி கம்மிதான். சோறு பெசையும்போதுதான் காரம் பட்டா எரியுது.” பஸ் ஒன்று கிளம்பிப் போனதும் தொடர்ந்தான். “பேசறதுக்குத்தானே எறங்கனேன். எறங்கனதால பேச முடியல. இன்னா கணக்குக்கா இது?”

பாலாறு பக்கம் பிறந்தவர்களுக்குச் சாபம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று தோன்றியது.

7

அவனுக்குப் பதில் நீ படி என்றாள் மார்த்தா. என் வலையும் நனைந்திருந்தது. சட்டப்படி எனக்கும் பேச்சு இருந்தது. ஆனாலும் நான் தனத்தைக் கேட்டேன். அவள் பஸ்ஸுக்கு நடந்துகொண்டே பேசினாள். மூச்சு வாங்கியது, கூட வரும் பெண்களின் செருப்புச் சத்தமும் கேட்டது.

“படிக்கா. உனக்குப் பேச்சு இருக்குது, வேணாம்னு சொல்ல நான் யாரு? அந்த ஆளு கையப் பாத்தா எனக்கும் வயிறு எரியுது.”

“சரிடி.”

“ஆனா ஏரி பேரு சொல்லாத. ஊரு பேரு, கம்பெனி பேரு, இவரு பேரு, எதுவும் வேணாம். இந்தத் தெருவுல முக்கால்வாசி வீட்டுல அடுப்பு எரியறது அந்த பஸ்ஸாலதான். ஏரி செத்துடுச்சிக்கா. அத நீ பேசினா ஒரு நாள் வருமோ வராதோ. பஸ்ஸு நாளைக்கு வரணும்.”

நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது? மீனவர்கள் தங்கள் விஷயத்தைத் தாங்களே முடிவு செய்யவேண்டும் என்பதுதான் எங்கள் அமைப்பின் சுவரில் எழுதிவைத்திருப்பது. அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான். நேரம் முடிந்தால் மேஜையில் சிவப்பு விளக்கு எரியும். ஏழுமலையின் பேச்சை அவன் சொன்னபடியே தமிழில் சொல்லி, நானே மொழிபெயர்த்தேன். ஏரியின் பெயர் வரும் இடத்தில் ‘ஒரு ஏரி’ என்றேன். ‘ஒரு மாவட்டம்’ என்றேன். ‘ஒரு தொழிற்சாலை’ என்றேன். உரிந்த விரலைப் பற்றிச் சொன்னபோது அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ‘ஒரு மீனவர்’ என்றேன். சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே முடித்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டால் நம் கதை இவ்வளவு சின்னது. நன்றாகக் கைதட்டினார்கள்.

காப்பி நேரத்தில், ஷூ வாங்கும் கம்பெனி ஒன்றிலிருந்து வந்தவர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர்தான், உண்மையாகவே சங்கடப்பட்டிருந்தார். அது எந்த இடம் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். என் நாக்கு நுனியில் பெயர் இருந்தது. ஒரே வார்த்தை. தென்னிந்தியா என்றேன். தென்னிந்தியா பெரியது, எங்களுக்கு அங்கே நிறைய இடங்களிலிருந்து சரக்கு வருகிறது என்றார். ஆமாம், பெரியதுதான் என்றேன். அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தபோது முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை, ஆனால் அந்த நிம்மதியை நான் மன்னிக்கப் போவதில்லை.

கூட்ட அறிக்கை வந்தபோது தேடித்தேடிப் படித்தேன். தெற்காசியாவின் உள்நாட்டு மீனவர் தரப்பில் நீரின் தரம் பற்றிக் கவலை தெரிவிக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. ஏழுமலையின் பத்து விரலுக்கும் அந்த ஒரு வரிதான்.

8

இனியா அன்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். “ஏன் பேர் சொல்லல? நீ பயந்துட்டம்மா.” பாதி தமிழில், மீதி இத்தாலியனில், குரல் உடைந்து கேட்டாள். நான் அவள் காலைப் பார்த்தேன். துணி ஷூ, ரப்பர் அடி, எந்த மிருகத்தின் தோலும் இல்லை. அவள் கால் சுத்தமான கால். எந்தக் கம்பெனி பஸ்ஸுக்கும் இருட்டில் நடக்காத கால். உன் சித்தியிடம் போய்க் கேள் என்று கத்திவிட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், நானும் கேட்பதை விட்டுவிட்டேன். மக்கன் பேடாப் பெட்டி ஊரில் பீரோவிலேயே பிசுபிசுத்துக் கிடந்து, கடைசியில் எறும்புக்குப் போனதாகத் தனம் பின்னால் சொன்னாள்.

கூட்டம் முடிந்த மறுவாரம் அவள் போன் செய்தாள்.

“அக்கா, பஸ்ஸு கரைக்கு வருது.”

சொல்லிவிட்டு அவள் அழுதாளா சிரித்தாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் பெயர் சொல்லவில்லை என்பது ரோமிலிருந்து ஆம்பூருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் மனுக்கள் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

ஏழுமலைக்கும் வேலை கொடுத்தார்கள். அதே கம்பெனியில் லோடிங். கேட்டில் விரல் வைத்து உள்ளே போகும் மெஷின் இருக்கிறது. தோல் நன்றாக வளர்ந்துவிட்டதாம், வைத்த உடனே எடுத்துக்கொள்கிறதாம். “மெட்ராஸ் மெஷின விட இது பெட்டருக்கா,” என்றான். அவன் பஞ்சர் ஆவாத டியூப் என்று சொன்ன அதே குரலில்தான் சொன்னான், எனக்குத்தான் கேட்க முடியவில்லை.

நேற்று கேக் சாப்பிட்டுவிட்டு வந்து போன் செய்தேன். ஏரி நிரம்பிவிட்டது, புதுத் தண்ணி என்றாள் தனம். வாசனை எப்படி என்று கேட்டேன். போன வருஷம் மாதிரிதான் என்றாள். வலைகள் இரண்டும் ஆணியில் தொங்குகின்றன. நனைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, நனைக்கட்டுமா என்று அவனும் கேட்கவில்லை. ஆகவே இந்தத் தண்ணிக்கு எங்கள் தெருவில் எவருக்கும் பேச்சு இல்லை. எனக்கும் இல்லை. இங்கே எழுதியதெல்லாம் போன தண்ணியின் கதை, அதைச் சொல்ல மட்டும்தான் எனக்குப் பாத்தியதை.

ஆம்பூர், வேலூர்ப் பக்கம் இருந்து இதைப் படிப்பவர்கள், அது எந்த ஏரி, மாதனூர்ப் பக்கமா, கணியம்பாடிப் பக்கமா என்று கேட்டு எனக்கு எழுதுவீர்கள். எழுதாதீர்கள். காலையில் தனம் பஸ் ஏற வேண்டும்.